சுவருக்கு மேலே

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்று ஊர்களுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. மூன்றிலும் மலை என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. ஏரிகள் உண்டு. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி என்று வரிசையாகச் சொல்லலாம். ஏரி உள்ள ஊரில் உயரமான இடம் அதன் கரைதான். அதற்கு அடுத்த உயரம் ரயில்வே மேம்பாலம். இப்படிப்பட்ட தட்டை நிலத்துக்காரர்களான நாங்கள் நால்வர், 2024 பிப்ரவரியில் கடல் தாண்டிப் போய், ஏழாயிரம் அடி உயரத்தில் ஒரு பகல் நடந்துவிட்டுத் திரும்பினோம். மூட்டுவலித் தைலச் செலவையும் சேர்த்துப் பயணக் கணக்கை முடித்த பிறகும், அந்த நடையைப் பற்றிச் சொல்ல வேண்டிய ஒன்று மிச்சமிருப்பதாக எங்களுக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

நாங்கள் மலையேறுகிறவர்கள் அல்லர். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மொட்டைமாடியில் கூடிக் கதை வாசிக்கிறவர்கள். ஒருவர் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஒருவர் வங்கிக்காரர். ஒருவர் பூந்தமல்லியில் தமிழாசிரியர். நான்காமவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பது, பிறகு தேநீர், பிறகு சண்டை என்பது நடைமுறை. சண்டையில் பட்டறை நண்பர் பெரும்பாலும் கலந்துகொள்வதில்லை. கேட்டுக்கொண்டு இருப்பார்.

ஒரு ஞாயிறன்று, 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப்பை நினைவுகூரும் விதமாக மலையகச் சிறுகதைகள் சிலவற்றை வாசித்தோம். 2013இல் அவருக்கு விஷ்ணுபுரம் விருது கிடைத்தபோதுதான் எங்களில் பலருக்கு மலையக இலக்கியம் என்று ஒன்று இருப்பதே தெரியவந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று வாசித்த ஒரு கதையில் ‘அரைப்பேர்’ என்றொரு சொல் வந்தது. தமிழாசிரியர் அதை அச்சுப்பிழை என்றார். பாதிப் பேர் என்று பொருள் கொள்ளலாம் என்றார் வங்கிக்காரர். வழக்கம்போல் குரல்கள் உயர்ந்தன. அப்போது பட்டறை நண்பர் மெதுவாகச் சொன்னார்:

“பிழை இல்ல சார். பேர்னா ஒருநாள் கூலி. அன்னைக்குப் பறிச்ச கொழுந்து எடை குறைஞ்சா, அரைப்பேர்தான் போடுவாங்க.”

“உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“எங்க அம்மா வாங்கியிருக்காங்க.”

பத்தாண்டுகளாக எங்களோடு உட்கார்ந்து கதை கேட்டவர், தாம் எந்தக் கதையிலிருந்து வந்தவர் என்பதை அன்றுதான் சொன்னார். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டோம். பள்ளியில் தம்மை ‘சிலோன்காரன்’ என்று கூப்பிட்டார்கள் என்றும், அந்தப் பெயரைக் கழற்றிப்போட வெகுகாலம் ஆயிற்று என்றும், திரும்ப எடுத்து மாட்டிக்கொள்ள மனம் வரவில்லை என்றும் சொன்னார். நாங்கள் யாரும் அதற்குமேல் அன்று ஒன்றும் வாசிக்கவில்லை.

*

அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனோம். அம்மாவுக்கு எழுபத்துமூன்று வயது. ஒடிசலான உடம்பு. நடையில் மட்டும் இன்னமும் ஏதோ மேட்டில் ஏறுகிறவரைப்போல முன்சாய்வு இருந்தது. எங்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, தாம் குடிக்காமல் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். தேநீரைப் பற்றி ஒரே ஒரு விமர்சனம்தான் சொன்னார்: “இது தூளு. தேயிலை இல்ல.”

அவர் பிறந்தது இலங்கையின் நடுமலைத் தொடருக்குத் தெற்கே, பெலிகுல் ஓயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். சந்தை என்றால் பலாங்கொடைக்குப் போக வேண்டும். தாத்தாவின் அப்பா காலத்தில் திருச்சிப் பக்கத்திலிருந்து கங்காணியோடு போனவர்களாம். எந்த ஊர் என்பது மறந்துபோயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அவர்களைப்போன்ற பல லட்சம் பேரை ஒரே நாளில் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாதவர்களாக்கிற்று. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட உடன்படிக்கை, அந்த மக்களை 9,75,000 என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் பங்கு பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இன்னொரு உடன்படிக்கையில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சொத்தைப் பாகம் பிரிப்பதைப்போலத்தான். ஆனால் பாகப்பிரிவினையில்கூடப் பித்தளை அண்டாவை வெட்டுவதில்லை. இங்கே குடும்பங்கள் வெட்டுப்பட்டன. அம்மாவின் அக்கா, கட்டிக்கொடுத்த இடத்தின் கணக்கில் அங்கேயே தங்கிவிட்டார். அம்மா தம் பெற்றோரின் கணக்கில் இங்கே வந்தார். 1971இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் வரிசையில் நின்றபோது அவருக்கு இருபது வயது.

அவர்களோடு வந்த உறவினர் சிலர் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காகவே அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். அம்மாவின் தகப்பனார், இனி மலை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். சிறுதொழில் கடனில் பெட்டிக்கடை வைத்து நொடித்து, வேலை தேடி வந்து சேர்ந்த இடம் அம்பத்தூர். அந்த உடன்படிக்கை எழுதப்பட்ட 1964ஆம் ஆண்டில்தான் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் உருவாயிற்று. இரண்டுக்கும் தொடர்பு ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் நண்பர் பிறந்து, வளர்ந்து, லேத் பிடிக்கக் கற்றுக்கொண்டது அந்த இரண்டு காகிதங்களுக்கும் இடைப்பட்ட இடத்தில்தான்.

அம்மா தோட்டத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. பெரட்டுக்களம், பிள்ளைக்காம்பரா, மேட்டு லயம், பணிய லயம் என்று சில சொற்களை மட்டும் நாங்கள் கேட்கக் கேட்கச் சொன்னார். அவராக விரித்துச் சொன்னது ஒன்றைத்தான். அவர்களுடைய லயத்துக்குப் பின்னால், தேயிலை முடிந்து காடு தொடங்கி, காடும் முடிந்த இடத்திலிருந்து ஒரு பாறைச்சுவர் நேராக வானத்துக்குப் போகும். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். சிறுமியாக இருந்தபோது, சுவருக்கு மேலே என்ன இருக்கிறது என்று பாட்டியிடம் கேட்டாராம். “மேலே ஒண்ணுமில்ல புள்ள, அத்தோட சரி” என்றாளாம் பாட்டி. தோட்டத்தில் யாரும் மேலே போனதில்லை. போவதற்கு வேலையும் இல்லை.

“நீங்கள்லாம் படிச்ச தம்பிமாரு. மேலே என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

வங்கிக்காரர் கைபேசியில் வரைபடத்தைத் தேடினார். அம்மா சொன்ன தோட்டத்தின் பெயர் அதில் இல்லை. தோட்டங்களுக்குத் துரைமார் வைத்த பெயர் ஒன்று, தொழிலாளர்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று. அம்மாவுக்குத் தமிழ்ப் பெயர்தான் தெரியும். ஆனால் சுவர் கிடைத்தது. அதன் உச்சியில் பச்சையாக ஒரு சமவெளி இருந்தது. அதன் விளிம்பில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழாசிரியர் மொழிபெயர்த்துச் சொன்னார்: உலக முடிவு.

“அதைத்தான பாட்டியும் சொன்னா” என்றார் அம்மா.

*

ஹோட்டன் சமவெளி என்பது இலங்கையின் நடுமலையில் 2,100 முதல் 2,300 மீட்டர் உயரம்வரை விரிந்துகிடக்கும் புல்வெளிப் பீடபூமி. பரப்பு 3,160 ஹெக்டேர். 1969இல் சரணாலயமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்ற நடுமலைப் பகுதிகள் மூன்றில் இதுவும் ஒன்று. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கே ஊற்றுக்கண் உண்டு. சிங்களத்தில் மகா எலிய தென்ன என்று இதற்குப் பழைய பெயர் இருக்கிறது. ஆனால் 1834இல் ஃபிஷர், வாட்சன் என்ற இரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் வேட்டைக்கு வந்து இதைக் ‘கண்டுபிடித்து’, அப்போதைய ஆளுநர் வில்மட் ஹோட்டனின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். அருவிக்குப் பெயர் பேக்கர் என்ற வேட்டைக்காரருடையது. தொடக்கத்தில் உள்ள பழைய வேட்டை விடுதிக்குப் பெயர் தாமஸ் ஃபார் என்ற தோட்டக்காரருடையது. கீழே லட்சக்கணக்கில் வேலை செய்தவர்களில் ஒருவர் பெயரும் மேலே இல்லை.

இந்தச் சமவெளி தேயிலையாகாமல் தப்பியதற்கு ஒரு காரணம் உண்டு. முதலில் காப்பிக்காகவும், 1869இல் இலைத்துரு நோய் வந்து காப்பி அழியத் தொடங்கிய பிறகு தேயிலைக்காகவும் மலைகள் மொட்டையடிக்கப்பட்டன. ஆறுகள் வறண்டுவிடும் என்ற அச்சம் எழுந்தது. லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர் 1873இல் அளித்த ஆலோசனையின்பேரில், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாமல் விடுவதென்று அரசு முடிவெடுத்தது. அதற்குள் வெட்டியவை போக மிஞ்சியதுதான் நாங்கள் நடக்கப் போன இடம். ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்கு மேலே காடு, நீர், மான். கோட்டுக்குக் கீழே தேயிலை, லயம், பேர். கோட்டை வரைந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அது இல்லாவிட்டால் மூன்று ஆறுகளும் இல்லை. ஆனாலும் அம்மாவின் கேள்விக்கு ஏன் அத்தனை காலம் பதில் கிடைக்கவில்லை என்பது அந்தக் கோட்டைப் பற்றிப் படித்தபோதுதான் எங்களுக்கு விளங்கிற்று.

புறப்படும் முன் நண்பரிடம் கேட்டோம். நேரே தோட்டத்துக்கே போகலாமே, மேலே எதற்கு? அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். அக்காவிடமிருந்து 1983வரை கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. “அவ இருந்தா போகலாம். இல்லாத இடத்துல போயி, இன்னும் அங்கேயே கிடக்கிறவங்க முன்னாடி சட்டைபோட்டு நிக்கப்போறியா? மேலே போ. மேலே என்னன்னு பார்த்துட்டு வா.” அவ்வளவுதான் கட்டளை.

*

நுவரெலியாவிலிருந்து விடிவதற்கு வெகுமுன்பே வேனில் கிளம்பினோம். ஓட்டுநர் ஹட்டன் பக்கத்துத் தமிழர், நாற்பது வயதிருக்கும். பட்டிப்பொல வழியாக ஏறியபோது தைலமரங்களுக்கிடையே வெளிச்சம் கசிந்தது. புல்நுனிகளில் உறைபனி வெள்ளையாகப் பூத்திருந்தது. வீட்டில் இருபத்தைந்து டிகிரிக்கே போர்வை தேடுகிறவர்கள் நாங்கள். இருந்த சட்டைகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டோம்.

நுழைவாயிலில் இரண்டு வரிசைகள். உள்நாட்டவருக்கு ஒன்று, வெளிநாட்டவருக்கு ஒன்று. கட்டணத்தில் பன்மடங்கு வேறுபாடு. ஓட்டுநர் தமக்கான சீட்டை அந்தப் பக்கம் நின்று வாங்கினார். நாங்கள் இந்தப் பக்கம் கடவுச்சீட்டுகளோடு நின்றோம். நண்பர் ஒருமுறை அந்த வரிசையைத் திரும்பிப் பார்த்தார். “1964ல வேற மாதிரி பிரிச்சிருந்தா நான் அங்க நின்னிருப்பேன், காசு மிச்சம்” என்றார். சிரிப்பதா என்று தெரியாமல் சிரித்தோம்.

உள்ளே பைகளைச் சோதித்தார்கள். பாலிதீன் எதுவும் கொண்டுபோகக் கூடாது. பிஸ்கட்டுகளை உறையிலிருந்து கொட்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருந்த விளம்பரத் தாளையும் கிழித்து எடுத்துக்கொண்டார்கள். பெயரில்லாத போத்தலோடு நடக்கத் தொடங்கினோம். எங்கள் ஏரிக்கரைகளில் கிடப்பதையெல்லாம் நினைத்துக்கொண்டோம். யாரும் வாய்திறந்து சொல்லவில்லை.

ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான வட்டப்பாதை அது. முதலில் புல்வெளி. வாகன நிறுத்தத்தை ஒட்டியே ஒரு கொம்புக் கடமான் நின்றிருந்தது. ஓட்டுநர் அதை மரை என்றார். அது மனிதரைப் பார்த்துச் சலித்துப்போன பார்வையோடு எங்களையும் பார்த்தது. ஓடையோரங்களில் குட்டை மூங்கில். ஆங்காங்கே முறுக்கிய மரங்களில் சிவப்புப் பூங்கொத்துகள். நீலகிரியில் காட்டுப்பூவரசு என்று சொல்லும் மரத்துக்கு நெருங்கிய உறவு. நீலகிரியின் சோலைக்காட்டையும் புல்வெளியையும் அறிந்தவர்களுக்கு இங்கே ஒன்றும் புதிதாக இராது. கடல் நடுவில் வந்துவிட்டதே தவிர, இரண்டும் ஒரே நிலத்தின் இரண்டு துண்டுகள். யானைகள் இருந்த இடம்தான் இது. இன்று ஒன்றும் இல்லை. வேட்டைக்காரர்களின் பெயர்கள் மட்டும் பலகைகளில் இருக்கின்றன.

புல்வெளி முடிந்து காட்டுக்குள் பாதை இறங்கியது. வேர்களும் உருண்டைக் கற்களும் சேறுமாக இருந்தது. ஓய்வுபெற்ற நண்பரின் முழங்கால் ஒவ்வொரு கல்லுக்கும் ஒருமுறை முனகிற்று. பட்டறை நண்பர் மட்டும் முன்னால், எங்கும் கைவைக்காமல், சற்றே முன்சாய்ந்து ஏறிக்கொண்டிருந்தார். அந்தச் சாய்வை எங்கே பார்த்தோம் என்று வங்கிக்காரருக்குத்தான் முதலில் நினைவு வந்தது. அவர் பிறந்து வளர்ந்தது அம்பத்தூர்த் தட்டைநிலத்தில். இருந்தாலும் அது அம்மாவின் நடை.

சிறிய உலக முடிவை எட்டு மணிவாக்கில் அடைந்தோம். காடு சட்டென்று விலக, ஏறத்தாழ 270 மீட்டர் பள்ளம். வானம் கழுவியதுபோல் இருந்தது. மலை மடிப்புகளுக்கு அப்பால் ஓர் ஏரி பளபளத்தது. இன்னும் கிட்டத்தில் தேயிலைப் பச்சை. அதன் நடுவே தகரக் கூரைகள் வெயிலில் மின்னின. ஒரு மண்பாதை. அதில் எறும்பைப்போல ஒரு வண்டி. நண்பர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “அம்மாவைக் கூப்பிடுங்க” என்றோம். கைபேசியை எடுத்தார். பிறகு பைக்குள்ளேயே வைத்துவிட்டார். “பெரிய இடத்துக்குப் போயிடுவோம் சார். சுவரு அங்கதான். அங்கேருந்து பேசினாத்தான் சரியா இருக்கும்.”

அந்த முடிவில் நாங்கள் நால்வரும் பங்காளிகள். வழியில் பூக்களைப் படமெடுத்தோம். முழங்காலுக்கு ஓய்வு கொடுத்தோம். பிஸ்கட் தின்றோம். உலக முடிவை அடைந்தபோது மணி ஒன்பதரை தாண்டியிருந்தது. 870 மீட்டர் செங்குத்தாக இறங்கும் பாறை என்று படித்திருந்தோம். வானம் தெளிந்திருந்தால் தெற்கே கடலே தெரியும் என்றும் சொல்லியிருந்தார்கள். எங்கள் முன்னால் இருந்தது வெள்ளை. கையை நீட்டினால் மறைந்துவிடும் போன்ற மூட்டம். கீழேயிருந்து அது கொதிக்கும் பாலைப்போலப் பொங்கி விளிம்பில் வழிந்துகொண்டிருந்தது. பல நாட்டுப் பயணிகள் பாறையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். நாங்களும் காத்திருந்தோம். கால்மணி, அரைமணி. ஒன்றும் விலகவில்லை.

பத்து மணிக்கு நண்பரின் கைபேசி அடித்தது. அம்மாதான். பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து அழைக்கச் சொல்லியிருக்கிறார்.

“மேலே போயிட்டியா தம்பி?”

“போயிட்டேம்மா. விளிம்புல நிக்கிறேன்.”

“கீழே தெரியுதா?”

நண்பர் எங்களைப் பார்த்தார். நாங்கள் வேறெங்கோ பார்த்தோம்.

“தெரியுதும்மா. எல்லாம் தெரியுது. தேயிலை தெரியுது. தகரம் தெரியுது. லயம் ரெண்டு வரிசையா இருக்கு. பக்கத்துல கோயில் மாதிரி ஒண்ணு, பெரிய மரம் ஒண்ணு.”

மறுமுனையில் சற்றுநேரம் சத்தமில்லை. பிறகு, “பார்த்து நில்லு, வழுக்கும்” என்று சொல்லி வைத்துவிட்டார். வெள்ளையைப் பார்த்தபடி நண்பர் இன்னும் கொஞ்சநேரம் நின்றார். நாங்கள் அவரைத் தனியே விட்டோம்.

*

திரும்பும் வழியில் பேக்கர் அருவி. இருபது மீட்டர் உயரம்தான். பெலிகுல் ஓயாவின் நீர்தான் அது. அந்த நீர் மலையை வளைத்து இறங்கி, அம்மா குழந்தையாக இருந்த சரிவின் பக்கமாகப் போகிறது. அங்கே காத்திருந்து எங்களோடு சேர்ந்துகொண்ட ஓட்டுநரிடம் நண்பர் விஷயத்தைச் சொன்னார். “அண்ணே, இப்பவே இறங்கினா சாயந்தரத்துக்குள்ள அந்தப் பக்கம் போயிடலாம். பேரு தெரியாட்டிப் பரவாயில்ல, பழைய ஆளுங்களைக் கேட்டா சொல்லிடுவாங்க” என்றார் அவர். நண்பர் வேண்டாம் என்று தலையாட்டினார். காரணம் சொல்லவில்லை. ஓட்டுநரும் கேட்கவில்லை.

நடந்தபடியே ஓட்டுநர் வேறொரு நடையைப் பற்றிச் சொன்னார். காப்பித் தோட்டக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து தோணியில் வந்து இறங்கியவர்கள், மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைவரை காட்டு வழியே நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். அவர்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்டில் மாத்தளையில் முடிந்த நடைபயணத்தில் அவரும் இரண்டு நாள் நடந்தாராம். “காலு வீங்கிப்போச்சு. எனக்கு நல்ல சப்பாத்து இருந்துச்சு, குடிக்கத் தண்ணி இருந்துச்சு, ராத்திரிக்குப் படுக்க இடம் இருந்துச்சு. அப்பவே இப்படின்னா...” என்று நிறுத்திக்கொண்டார்.

நாங்கள் எங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டோம். ஒன்பது கிலோமீட்டருக்காக வாங்கிய புதுக் காலணிகள். மலையில் நடப்பது இன்பம் என்ற எண்ணமே, நடந்து முடித்ததும் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்ற உறுதியிலிருந்து வருவதுதான் போலும். திரும்பும் சீட்டு இல்லாமல் மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இருவரோடு அன்று நடந்தோம். ஒருவர் அங்கேயே தங்கியவரின் பிள்ளை. இன்னொருவர் அனுப்பப்பட்டவரின் பிள்ளை. இருவரும் பிஸ்கட்டைப் பகிர்ந்துகொண்டு, டீசல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு முன்னால் போனார்கள்.

*

ஊர் திரும்பிய அடுத்த ஞாயிறு அம்மாவைப் பார்க்கப் போனோம். நுவரெலியாவில் வாங்கிய தேயிலைப் பொட்டலத்தைக் கொடுத்தோம். பிரித்து, உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, முகர்ந்து பார்த்தார். நல்லது கெட்டது எதுவும் சொல்லாமல் அடுப்படிக்குப் போனார். தேநீரோடு வந்து வழக்கமான படியில் உட்கார்ந்தார். இம்முறை தமக்கும் ஒரு தம்ளர் எடுத்துக்கொண்டிருந்தார்.

நண்பர் கைபேசியில் படங்களைக் காட்டினார். கடமான், சிவப்புப் பூ, அருவி. அம்மா ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பார்த்தார். கடைசியில் சிறிய உலக முடிவிலிருந்து எடுத்த படம் வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலால் கூரைகளைத் தொட்டார். படம் பெரிதாயிற்று. வெறும் புள்ளிகளாயிற்று.

“இது நம்ம தோட்டம் இல்ல” என்றார். “நம்மது இதுக்கும் மேக்கால இருக்கும்.”

“ஆமாம்மா. நம்மதைப் படம் எடுக்க மறந்துட்டேன்.”

அம்மா மகனைப் பார்த்துச் சிரித்தார். “தம்பி, நீ பேசினப்போ மணி பத்து. காலைக் கொழுந்து நிறுக்கிற நேரம். அந்நேரத்துக்குச் சுவரு எங்களுக்கே தெரியாதுடா. மூட்டம் ஏறி மூடிக்கும். சுவரு மறைஞ்சாத்தான் நிறுவைக்கு நேரமாச்சுன்னு நாங்க கூடையைத் தூக்குவோம். கீழேருந்து தெரியாத சுவரு மேலேருந்து தெரியுமா?”

நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் தம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“பரவாயில்ல, நீ சொன்னது நல்லாத்தான் இருந்துச்சு. லயம் ரெண்டு வரிசைதான். கோயிலும் இருந்துச்சு. நான் எப்பவோ சொன்னதைத் திருப்பிச் சொல்றேன்னு நினைச்சுக்கிட்டேன்” என்றார். பிறகு, ஏதோ முக்கியமான விஷயத்தை இத்தனை நேரம் தள்ளிவைத்திருந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்: “அது கிடக்கட்டும். மேலே என்ன இருந்துச்சு?”

“புல்லும்மா. கண்ணுக்கெட்டின மட்டும் புல்லு.”

“வேற?”

“மான் இருக்கு. ஓடை இருக்கு. மத்தபடி புல்லுதான்.”

அம்மா தேநீரை ஒரு வாய் குடித்தார். வெகுநேரம் யோசித்தார்.

“லயத்துல எங்களுக்கு ஒரு மாடு இருந்துச்சு. வேலை விட்டு வந்து, அதுக்கு ஒரு கட்டுப் புல்லுக்காக நானும் எங்க அக்காவும் அந்தச் சரிவு முச்சூடும் அலைவோம். சில நாளு கிடைக்கவே கிடைக்காது” என்றார். “அவ்வளவு புல்லும் மேலேயா இருந்துச்சு.”